ஃபுட்பால்ல மேட்ச் முடிஞ்சதும் வேர்வை ஜெர்சிய ஏன் மாத்திக்கிறாங்க? இதுக்கெல்லாம் எழுதாத ரூல்ஸ் ஏதாவது இருக்கா?

இருக்கு, நிறையவே இருக்கு. ரூல் புக்ல ஜெர்சி பத்தி சொல்றது கொஞ்சம்தான். கை வச்சிருக்கணும், ரெண்டு டீமும் வேற வேற கலர் போடணும், கீப்பர் தனியா தெரியணும், கோல் அடிச்ச சந்தோஷத்துல கழட்டினா எல்லோ கார்டு, இந்த மாதிரி. மேட்ச் முடிஞ்சு மாத்திக்கிறத பத்தி அதுல ஒண்ணும் கிடையாது, அது முழுக்க பிளேயர்ஸ் தங்களுக்குள்ள வச்சிக்கிட்ட மரியாதை.

1931ல பாரிஸ்ல பிரான்ஸ் டீம் இங்கிலாந்த 5-2ன்னு ஜெயிச்சாங்க. அந்தக் காலத்துல இங்கிலாந்த ஜெயிக்கிறதுன்னா சாதாரண விஷயம் இல்ல, அதனால ஞாபகார்த்தமா உங்க ஜெர்சிய குடுப்பீங்களான்னு பிரெஞ்சு பிளேயர்ஸ் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. இன்டர்நேஷனல் மேட்ச்ல முதல்ல நடந்ததுன்னு எல்லாரும் சொல்றது இததான். அப்ப இதுக்கு வேர் என்னன்னா, உன்கூட மோதினத நான் பெருமையா நெனைக்கிறேன், அவ்ளோதான்.

அதனாலதான் குடுக்க மறுத்தா அது பெரிய அவமானமா ஆகுது. 1966 வேர்ல்டு கப் காலிறுதி, வெம்ப்ளில இங்கிலாந்து - அர்ஜென்டினா. அர்ஜென்டினா கேப்டன் ரட்டின வெளிய அனுப்பி, ஒரே சண்டையா போன மேட்ச். முடிஞ்சதும் இங்கிலாந்து டிஃபென்டர் ஜார்ஜ் கோஹன் ஒரு அர்ஜென்டினா பிளேயர்கூட ஜெர்சி மாத்தப் போறாரு, இங்கிலாந்து கோச் ஆல்ஃப் ராம்சே ஓடிவந்து தடுக்கிறாரு. அந்த போட்டோவ தேடிப் பாருங்க, இந்தப் பக்கம் ராம்சே, அந்தப் பக்கம் அந்த பிளேயர், நடுவுல ஜெர்சி கை நீளமா இழுபட்டு நிக்குது. அது அர்ஜென்டினா மக்கள் மனசுல ரொம்ப வருஷம் இருந்துச்சு.

நாலே வருஷத்துல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு. 1970 மெக்சிகோ வேர்ல்டு கப், குவாதலஹாரால இங்கிலாந்த பிரேசில் 1-0ன்னு ஜெயிச்சாங்க. முடிஞ்சதும் பீலேவும் இங்கிலாந்து கேப்டன் பாபி மூரும் சட்டையில்லாம சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க, மூர் கன்னத்துல பீலேவோட கை. யார் ஜெயிச்சான்னு தெரியாதவங்க அந்த போட்டோவ பாத்து கண்டுபிடிக்க முடியாது. எனக்கு ஜெர்சி மாத்துறதுன்னா இதுதான்.

இதுல முக்கியமான ரூல் நேரம். கடைசி விசிலுக்கு அப்புறம்தான் கேக்கணும், ஹாஃப் டைம்ல கேக்கவே கூடாது. 2012 நவம்பர்ல ஆர்சனல், மான்செஸ்டர் யுனைட்டெட் கிரவுண்டான ஓல்டு டிராஃபோர்டுக்கு போச்சு, அந்த சம்மர்லதான் ஸ்ட்ரைக்கர் வான் பெர்சி ஆர்சனல விட்டு மான்செஸ்டர் யுனைட்டெட் போயிருந்தாரு, மேட்ச் ஆரம்பிச்ச மூணாவது நிமிஷத்துலயே பழைய டீம் மேல கோல் வேற போட்டுட்டாரு, அப்படி தோத்துக்கிட்டு இருக்கும்போது ஆர்சனல் டிஃபென்டர் ஆந்த்ரே சாண்டோஸ் ஹாஃப் டைம்ல போய் அவர் ஜெர்சிய வாங்கிக்கிட்டாரு. ஃபேன்ஸ் கொதிச்சுப் போய்ட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு லிவர்பூல்ல பாலோடெல்லி இதையே ரியல் மாட்ரிட் பெப்பேகூட பண்ணாரு, டீம் 0-3ன்னு தோத்துக்கிட்டு இருந்தப்ப. அந்தக் கோபம் நியாயம்னுதான் நான் சொல்வேன். இன்னும் 45 நிமிஷம் அந்த ஆளத்தான் நீ தடுக்கணும், அதுக்குள்ள அவர்கிட்ட ஞாபகார்த்தம் கேட்டா உன்ன நம்பி காசு குடுத்து வந்தவன் என்ன நெனைப்பான்.

நான் வியாசர்பாடி பக்கம் ஒரு சின்ன டீமுக்கு ஆடிருக்கேன். எங்களுக்கு ஒரே செட் ஜெர்சிதான், மேட்ச் முடிஞ்சதும் எண்ணிப் பையில போட்டு ஒரு பையன் வீட்டுக்கு துவைக்க போகும், ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வாரம் ஒருத்தன் வேற கலர்ல நிக்கணும். ஒரு மேட்ச்ல எதிர் டீம் டிஃபென்டர் அண்ணன் ஒருத்தர் முழு நேரமும் என்ன நகர விடல. விசில் அடிச்சதும் நேரா வந்து என் ஜெர்சி நுனியப் புடிச்சி, "தம்பி, இது செட் ஜெர்சியா? உன்னோடதா இருந்தா கேட்டிருப்பேன்"னாரு. நாங்க தோத்த மேட்ச் அது. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு நடந்து போனது இன்னும் ஞாபகம் இருக்கு.

நம்பர் கதை தனி. கீப்பருக்கு 1, ஸ்ட்ரைக்கருக்கு 9, டீமோட மூளைக்கு 10 இதெல்லாம் பழக்கம்தான். 1958ல பிரேசில் கப் ஜெயிச்சப்ப கீப்பர் ஜில்மார் போட்டது 3. 1982ல அர்ஜென்டினா அகரவரிசைல நம்பர் குடுத்ததால மிட்ஃபீல்டர் ஆர்டிலஸுக்கு 1, கீப்பர் ஃபில்லோலுக்கு 7. ஆனா அந்த வரிசையக் கூட மாரடோனாவுக்காக மாத்தி 10 குடுத்தாங்க. 2000ல நாபொலி கிளப் அவரோட 10 நம்பர யாருக்கும் இல்லன்னு எடுத்து வச்சாங்க. 2002 வேர்ல்டு கப்புக்கு அர்ஜென்டினாவும் அதையே கேட்டாங்க, ஃபிஃபா ஒத்துக்கல, 1லருந்து 23 வரைக்கும் எல்லா நம்பரும் வேணும்னாங்க, கடைசில அந்த 10ஐ அவங்க பிளேயர் ஒர்டேகா போட்டாரு. மான்செஸ்டர் சிட்டில 23 கிடையாது. கேமரூனோட மார்க் விவியன் ஃபோ 2003ல கிரவுண்ட்லயே விழுந்து இறந்தாரு, அப்ப சிட்டில அவரு போட்டிருந்த நம்பர் அது.

எழுதின ரூலும் எழுதாத ரூலும் மோதினத பாக்கணும்னா 2020 நவம்பர் பார்சிலோனா - ஒசாசுனா மேட்ச் பாருங்க. மாரடோனா இறந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. கோல் போட்ட மெஸ்ஸி பார்சிலோனா ஜெர்சிய கழட்டினா, உள்ள சிவப்பு கறுப்புல நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ் ஜெர்சி, நம்பர் 10. மெஸ்ஸி சின்னப் பையனா ஆடின கிளப் அது, 1993ல மாரடோனாவும் கொஞ்ச நாள் அங்கதான் ஆடினாரு. அத உள்ள போட்டுக்கிட்டே ஆடிருக்காரு, கோல் வருமா வராதான்னு கூட தெரியாம. ரெண்டு கையையும் மேல தூக்கி வானத்தப் பாத்து நின்னாரு. ரெஃபரி ரூல் புக்ல இருக்கற மாதிரி எல்லோ கார்டு காட்டினாரு, மெஸ்ஸி மறுபடியும் பார்சிலோனா ஜெர்சிய மாட்டிக்கிட்டு ஆடப் போய்ட்டாரு.