உடும்புப் பிடியைத் தளர்த்தக் கற்ற வெள்ளிக்கிழமைகள்

கேள்வி: வாரம் முழுவதும் வேலை அழுத்தம். ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் களைப்புப் போவதில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நான் சுவர் ஏறுகிறேன். நான்கு ஆண்டுகளாகப் பெரும்பாலான வெள்ளிக்கிழமை மாலைகளில், பெங்களூரில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஓர் உள்ளரங்கில்.

மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டுப் பிரிவில் எனக்கு வேலை. நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகக் காத்திருக்கும் குடும்பத்தினரிடம் "ஒப்புதல் இன்னும் வரவில்லை" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அவர்களுடைய கோபம் நியாயமானது. அதனால்தான் அது மனதை விட்டு இறங்குவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் என் தாடை இறுகி, தோள்கள் காதுவரை ஏறியிருக்கும். உங்களைப் போலவே நானும் படுத்துப் பார்த்தேன். அந்த இறுக்கம் அப்படியே திங்கட்கிழமைக்குப் போய்ச் சேரும்.

நாங்கள் ஏறுவது போல்டரிங் முறை. சுமார் நான்கு மீட்டர் உயரச் சுவர், கயிறு கிடையாது, கீழே ஓரடி கனத்தில் மெத்தை. சுவரில் பல வண்ணப் பிடிகளைத் திருகியிருப்பார்கள். ஒரே வண்ணத்தைப் பின்பற்றி உச்சிவரை போக வேண்டும். அப்படி ஒரு பாதைக்கு 'பிராப்ளம்' என்று பெயர். தமிழ் பேசும் நாங்கள் சிலர் 'கணக்கு' என்போம். கடினத்தை வி-0-இல் தொடங்கி மேல்நோக்கி அளக்கிறார்கள். (அமெரிக்காவில் இந்த அளவை உருவாக்கிய ஜான் ஷெர்மனுடைய பட்டப்பெயரின் முதல் எழுத்து அந்த 'வி'.) நான் வி-3 வரை வந்திருக்கிறேன். அதில் எனக்கு நிறையப் பெருமை.

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவள் நான். உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கோட்டைச் சுவரில் ஏறிய வீரர்களின் கதையைத் தாத்தா சொல்லியிருக்கிறார். ஏறுவது என்றாலே உடும்புப் பிடி என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் மிக எளிய கணக்கிலேயே விரல் வெளுக்கும்படி பற்றிக்கொண்டேன். அரை நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. பயிற்சி தரும் ஓசூர்க்காரத் தம்பி மெத்தையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, விழாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பிடித்தால் போதும். கையை நீட்டித் தொங்குங்கள். எடையைக் காலுக்குக் கொடுங்கள்" என்றார்.

தசை விடாமல் இறுகியிருந்தால் உள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. இரத்தம் குறையக் குறையத் தசை சோர்ந்துவிடுகிறது. கையை மடக்கி வைத்தால் புயத்துக்கும் வீண் உழைப்பு. இது புரிந்த பிறகு ஒவ்வொரு பிடியிலும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இன்னும் கொஞ்சம் தளர்த்தலாமா? விரலைத் தளர்த்தும்போது மூச்சு நீளமாகிறது, தோள் இறங்குகிறது, தாடையும் விட்டுக்கொடுக்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு 'தளர்ந்து கொள்' என்றால் என் உடம்பு கேட்பதில்லை. சுவரில் தளராவிட்டால் விழுந்துவிடுவோம் என்று அதற்குத் தெரியும், அதனால் கேட்கிறது.

ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே சில நிமிடங்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த நேரமும் எனக்குப் பிடிக்கும். பெயர் தெரியாத கல்லூரிப் பெண் ஒருத்தி, "இடது காலை முதலில் வைத்துப் பாருங்கள்" என்பாள். அவள் ஏறும்போது நாங்கள் கீழேயிருந்து குரல் கொடுப்போம். யாரும் யாரிடமும் கோபமாகப் பேசாத இரண்டு மணி நேரம் அது. என் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் போல்டரிங் வழியாகக் குழுச் சிகிச்சை அளித்தபோது அறிகுறிகள் குறைந்ததாக, ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2015-இல் எழுதியிருக்கிறார்கள். அது சிகிச்சையாளர்கள் நடத்தியது. நான் செய்வது அதுவல்ல. உங்கள் களைப்பு வாரக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

போவதென்றால், ஏறுவதற்கு முன் விழக் கற்றுக்கொள்ளுங்கள்: இரண்டு காலிலும் இறங்கி, முழங்காலை மடக்கி, முதுகுப்பக்கம் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, மணிக்கட்டு முறியும். தொடக்கத்தில் வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். தசை சீக்கிரம் வலுவாகிவிடும், விரல் தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். காலணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். மோதிரம் பிடியில் மாட்டினால் விரலையே இழக்க நேரிடும். அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.