வேலையில் பின்தங்கும் ஊழியரிடம் பேச ஆண்டு அப்ரைசல் வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். ஏப்ரலில் நடந்த தவறை அடுத்த மார்ச்சில் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். அடோபி நிறுவனம் 2012-இல் வருடாந்திர மதிப்பீட்டையே கைவிட்டு, மேலாளரும் ஊழியரும் அவ்வப்போது உட்கார்ந்து பேசும் முறைக்கு மாறியது. ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் 2013-இல் நிறுத்தியது. பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவினால் தன் இடம் போய்விடுமோ என்று பயப்பட வைக்கிற முறை அது, போனதே நல்லது.

"உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஆரம்பித்தால் அவர் முகம் சுருங்கிவிடும், அப்புறம் எதுவும் காதில் ஏறாது. "திங்கள்கிழமை போக வேண்டிய கொட்டேஷன் வியாழக்கிழமைதான் போயிருக்கிறது. எங்கே தடைபட்டது?" என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள். விலைப்பட்டியல் அவர் கைக்கு வந்ததே புதன்கிழமை மாலைதான் என்று தெரியவரலாம். அப்படியென்றால் கொள்முதல் பிரிவிலிருந்து விலை வரும் வழியைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். உண்மையிலேயே பயிற்சி போதவில்லை என்றால், யார் சொல்லிக்கொடுப்பார், எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே முடிவுசெய்து இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்த வேலையையும் அன்றைக்கே, எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.