காஸ்ட்ரிக் எண்டு அனுப்பினவை, விடியமுதல் அப்பா இல்லை. கேஸ் போடலாமோ?

கேள்வி: அண்ணை, நாங்கள் கொக்குவில். அப்பாவுக்கு 56 வயசு, சைக்கிள் கடை வச்சிருந்தவர். மூண்டு மாசத்துக்கு முந்தி ஒரு பின்னேரம் நெஞ்சு இறுக்குது இடக்கையும் உளையுது எண்டார், டவுனில ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், டொக்டர் காஸ்ட்ரிக் எண்டு ஊசி போட்டு குளிசையும் தந்து விட்டிட்டார், ஈசிஜி எடுக்கேல்ல. ராத்திரி திரும்ப நோ வந்து பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியில உயிர் போயிட்டுது. போஸ்ட்மோட்டத்தில மாரடைப்பு எண்டு வந்தது. கனடாச் சித்தப்பா கன்ஸ்யூமர் கோட்டில போடு, கோடிக்கணக்கில வரும் எண்டுறார். அம்மா போன உயிர் வருமோ விடு எண்டுறா. என்ன செய்யிறது?

பதில்: தம்பி, சித்தப்பாவின்ர கோடியை முதல் ஒரு பக்கம் வையுங்கோ. டொக்டரைக் கன்ஸ்யூமர் கோட்டுக்கு இழுக்கிறது இந்தியாவில, அங்க 1995இல உச்ச நீதிமன்றம் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும் எண்டு தீர்த்தது. இங்க இலங்கையில அப்பிடி ஒரு தனிக் கோட் இல்லை. நட்டஈடு வேணுமெண்டா மாவட்ட நீதிமன்றத்திலதான் வழக்கு, அதுவும் ரெண்டு வருஷத்துக்குள்ள. ஆட்டைத் திவசம் முடியட்டும், அம்மா தேறட்டும், தங்கச்சியின்ர சோதினை முடியட்டும் எண்டு இருந்து பிறகு ஓடி வந்த ஆக்கள் கனபேர், வந்து பிரயோசனமில்லை.

இனி முக்கியமான விசயம். டொக்டர் பிழையா வருத்தத்தைச் சொன்னார் எண்டதை மட்டும் காட்டினா காணாது. ரெண்டு காட்ட வேணும்: ஒழுங்கான டொக்டர் ஒருத்தர் அந்த நேரம் அப்பிடிச் செய்திருக்க மாட்டார் எண்டது ஒண்டு, ஒழுங்காப் பாத்திருந்தா அப்பா தப்பியிருப்பார் எண்டது மற்றது. கன கேஸ் விழுறது இந்த ரெண்டாவதிலதான். பிரியானி சொய்சா வழக்கு எண்டு லோயர்மார் எல்லாருக்கும் தெரியும், ஒரு சின்னப் பிள்ளைக்கு மூளையில கட்டி, அதை வேற வருத்தம் எண்டு வைத்தியம் பாத்தவை, பிள்ளை 1992இல செத்துப்போச்சு. மாவட்ட நீதிமன்றம் தகப்பனுக்கு 50 லட்சம் குடுக்கச் சொன்னது, மேன்முறையீட்டில அது ரெண்டரை லட்சமாச்சு, 2001இல உயர் நீதிமன்றம் (இங்க அதுதான் ஆக மேல் கோட்) அதையும் எடுத்துப்போட்டுது. ஏனெண்டா அந்தக் கட்டியை நேரத்துக்குக் கண்டுபிடிச்சிருந்தா பிள்ளை தப்பியிருக்கும் எண்டு நிரூபிக்கேல்ல எண்டு.

உங்கட விசயம் அதில இருந்து வேற. மாரடைப்பு நேரத்துக்குக் கண்டா வைத்தியம் இருக்கு, நெஞ்சு இறுக்கி இடக்கை உளையுது எண்டு 56 வயசுக்காரர் வந்தா ஈசிஜி எடுக்கிறது பெரிய வித்தையும் இல்லை. (காஸ்ட்ரிக் எண்டு அப்பம்மாவும்தான் சொல்லுவா, அதுக்கு பில் கட்ட வேணுமோ?) ஆனா இதை நீங்களோ நானோ சொல்லி எடுபடாது, ஒரு இருதய வைத்திய நிபுணர் கோட்டில ஏறிச் சொல்ல வேணும். இஞ்ச ஒரு டொக்டருக்கு எதிரா இன்னொரு டொக்டர் லேசில வாறேல்ல, யாழ்ப்பாணத்துக்க ஆள் கிடைக்காட்டி வெளி மாவட்டத்தில தேடுங்கோ, கேஸ் போட முதலே தேடுங்கோ.

போஸ்ட்மோட்டம் செய்தது நல்லதாப் போச்சு. கன வீடுகளில வெட்ட வேண்டாம் எண்டு கெஞ்சி உடம்பை எடுத்து அண்டைக்கே எரிச்சுப்போட்டு, அந்தியேட்டி முடிஞ்ச பிறகுதான் சந்தேகம் வரும், சாம்பலை வச்சு என்ன செய்யிறது? அந்த ரிப்போட், மரண விசாரணைக் குறிப்பு ரெண்டின்ரையும் அத்தாட்சிப்படுத்தின கொப்பி எடுங்கோ. ஆஸ்பத்திரி பில், மருந்துத் துண்டு, மிச்சக் குளிசை அட்டை ஒண்டையும் எறியாதேங்கோ. பில்லில ஈசிஜிக்குக் காசு இல்லாததே உங்களுக்கு ஒரு சாட்சி. அவையளிட்ட இருக்கிற பதிவுக்கு இப்பவே லோயர் மூலம் எழுதிக் கேளுங்கோ, பிந்தினா துலைஞ்சிட்டுது எண்டுவினம்.

காசு எவ்வளவு எண்டா, முந்தி ஆள் செத்தா அவரால வந்த வருமானத்தின்ர இழப்பைத்தான் கேக்கலாம், மனவேதனைக்கு ஒண்டும் இல்லை. ஆள் செத்ததுக்கு நட்டஈடு கேக்கிறதைப் பற்றின 2019ஆம் ஆண்டு 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அவரின்ர அன்பையும் துணையையும் இழந்ததுக்கும் கேக்கலாம். வருமானத்துக்கு சைக்கிள் கடைக் கணக்குக் கொப்பி, பாங்க் புத்தகம், சாமான் எடுத்த பில் எல்லாம் தேவை. கோடி எண்டு நான் சொல்ல மாட்டன்.

இலங்கை மருத்துவச் சபைக்கும் சத்தியக் கடதாசியோட முறைப்பாடு போடலாம், அது டொக்டரின்ர பதிவைப் பற்றினது, அங்க காசு வராது. தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு. இதுவே அரசாங்க ஆஸ்பத்திரியா இருந்தா சட்டமா அதிபருக்கு ஒரு மாச நோட்டீஸ் குடுத்துப்போட்டுத்தான் வழக்கு.

ஒண்டு, ஆஸ்பத்திரிக்காரர் வீட்டை வந்து அனுதாபம் சொல்லி ஒரு கவரும் தந்து கடிதம் ஒண்டில கையெழுத்துக் கேட்டா, லோயர் பாக்காமல் வைக்காதேங்கோ, இனி ஒண்டும் கேக்க மாட்டம் எண்டு எழுதியிருக்கும். லோயருக்குக் காசு இல்லாட்டி யாழ்ப்பாணத்திலயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

அம்மாவை விட்டிட்டுத் தொடங்காதேங்கோ. வழக்காளியா முதல் நிக்க வேண்டியவ அவதான், அண்டிரவு நடந்ததைக் கூண்டில ஏறிச் சொல்ல வேண்டியவவும் அவதான், அது வருஷக்கணக்கில இழுபடும் எண்டதையும் மறைக்காமச் சொல்லிப் போட்டுக் கேளுங்கோ. அவ மாட்டன் எண்டா மருத்துவச் சபைக்கு மட்டும் எழுதலாம், ஓம் எண்டா இந்த மாசத்துக்குள்ள ஒரு லோயரைப் பாருங்கோ.