மதகில் அடைத்த சாக்கும் மூன்று தியரியும்

கேள்வி: அக்கா, நான் திருத்துறைப்பூண்டி பக்கம். பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலில் மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டு ஊரை எடுத்துக்கொண்டு, தண்ணீர்ப் பங்கீடு பற்றி பிஎச்.டி. செய்கிறேன். ஃபீல்டு வேலை முடிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் கைடு, "ரிப்போர்ட் மாதிரி இருக்கு, தியரி எங்கம்மா?" என்கிறார். மார்க்ஸ், வெபர், துர்கைம் என்று சமூகவியல் முன்னோடிகளை வைத்து 18 பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் சேர்த்தேன். "ஒட்டவே இல்லை" என்கிறார். நாலாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கைடு சொல்வது சரிதான் தங்கச்சி. என்ன, எப்படி ஒட்ட வைப்பது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நானும் இதில் மாட்டியவள்தான். என் எம்.ஃபில். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வந்த தேர்வாளர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், "28ஆம் பக்கத்துல மார்க்ஸ் இறங்கிட்டாரு, அப்புறம் எந்த ஸ்டாப்பிங்லயும் ஏறவே இல்லையே?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உங்கள் நாலாம் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு ராத்திரி வருகிறது. கீழ் ஊருக்கு முறைத் தண்ணீர் போக வேண்டிய அன்று, மேல் ஊரில் யாரோ வைக்கோல் திணித்த உரச்சாக்கை மதகில் அடைத்துவிடுகிறார்கள். விடிகாலையில் கீழ் ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து சாக்கை இழுத்துக் கரையில் போடுகிறார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர் பொதுவாக நாலு வார்த்தை திட்டுகிறார், அதோடு முடிந்தது. இதை மூன்று வரியில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் சராசரி நில அளவு அட்டவணைக்குப் போய்விட்டீர்கள். உங்கள் தியரி அந்தச் சாக்குக்குள் கிடக்கிறது!

எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் வாங்கியவர், இதைப் பார்த்தால் தண்டனையைப் பற்றித்தான் கேட்பார். பொதுச் சொத்தை நெடுங்காலம் கட்டிக்காத்த ஊர்களில் முதல் தப்புக்குச் சின்ன தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய தண்டனை என்று படிப்படியாகப் போகும் என்பது அவர் கண்டது. டீக்கடைத் திட்டு முதல் படியா, இல்லை இப்போது மிச்சமிருப்பதே அந்த ஒரு படிதானா? ஜேம்ஸ் ஸ்காட் 1970களின் கடைசியில் மலேசியாவின் கெடா மாநிலத்தில், அதுவும் நம்மைப் போல நெல் விளையும் ஊரில் தங்கி, ஏழைகள் சத்தமில்லாமல் செய்யும் சின்னச் சின்ன எதிர்ப்புகளைப் பற்றி எழுதினார். அவருக்கு, அடைத்தது யார் என்பது முக்கியம். இல்லாதவர் செய்தால் அது எதிர்ப்பு, இருப்பவர் செய்தால் வெறும் அடாவடி. 'Exit, Voice, and Loyalty' (1970) எழுதிய பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் வேறு பக்கம் திரும்புவார்: இதைத் தட்டிக் கேட்க வேண்டிய ஆட்கள் எங்கே போனார்கள்?

என்னைக் கேட்டால் உங்களுக்கு ஹிர்ஷ்மன். நைஜீரிய ரயில்வே ஏன் அவ்வளவு மோசமாக இருந்தும் திருந்தவில்லை என்று யோசித்திருக்கிறார் மனுஷன். லாரி வந்ததும், சத்தம் போட்டுத் திருத்த வைத்திருக்கக்கூடிய வியாபாரிகள் சத்தம் போடாமல் லாரிக்கு மாறிக்கொண்டார்கள். இப்படி விலகிப் போவதைத்தான் அவர் 'வெளியேற்றம்' என்கிறார். உங்கள் மேல் ஊரில் லாரி இருந்த இடத்தில் போர்வெல் மோட்டார். முன்பு வாய்க்கால் வெட்ட ஆள் கூட்டியவர்கள்தான் முதலில் போர் போட்டவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழ் ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர். அவர்களுக்கு விலகிப் போக வழியே கிடையாது, கத்தத்தான் முடியும்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. போர்க்காரர்கள் வாய்க்கால் தூர்வார வருவதில்லை, ஆனால் மேட்டூர் தண்ணீர் வந்ததும் முதல் ஆளாக மடையைத் திறக்கிறார்கள், இல்லையா? ஹிர்ஷ்மனின் வியாபாரி ரயிலை விட்டால் விட்டதுதான். நம் ஆள் வேலைக்கு வர மாட்டார், தண்ணீருக்கு மட்டும் வருவார். தியரி அங்கே இடிக்கிறது. அந்த இடிக்கும் இடத்தைப் பூசி மெழுகாதீர்கள், அதுதான் உங்கள் தீசிஸ்.

தியரி மாறினால் ஊரே வேறு மாதிரி தெரியும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் பழைய தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களில் ஆய்வு செய்தார், 1976இல் திரும்பவும் வந்தார். மார்க்ஸியர். அதனால் நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது, மிச்சம் யாருக்குப் போகிறது என்றே அவர் கணக்குப் போகும். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் இன்னொரு கிராமத்தில் உட்கார்ந்தார். கையில் வெபர். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததால்தான், ஒரு காலத்தில் ஒரே அக்ரஹாரத்தில் சேர்ந்திருந்த மூன்றும் எப்படிப் பிரிந்து போகின்றன என்பது அவர் கண்ணில் பட்டது. நீங்களும் வெபரை வைத்திருக்கிறீர்கள், ஆனால் பிறந்த வருடத்தோடு. அவரை வைத்து ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?

சரி, செய்ய வேண்டியது. அந்த 18 பக்கத்தை எடுத்துவிடுங்கள், வலிக்கும், பரவாயில்லை. ஹிர்ஷ்மன் மூலப் புத்தகத்தையே படியுங்கள், சின்னதுதான், யாரோ போட்ட நோட்ஸ் வேண்டாம். முன்னுரையில் அவருக்கு இரண்டு மூன்று பக்கம் போதும். அப்புறம் நாலாம் அத்தியாயத்தைச் சாக்கிலிருந்து தொடங்குங்கள். "ஹிர்ஷ்மன் (1970) கூறுவதாவது" என்று பத்தியை ஆரம்பிக்காதீர்கள். "மேல் ஊரில் போர் உள்ளவர்களில் இன்னார் தூர்வார வரவில்லை, ஆனால் மதகு முறையை விட்டுக்கொடுக்கவும் இல்லை, ஹிர்ஷ்மன் சொல்லும் வெளியேற்றமாக மட்டும் இதைப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால்..." என்று எழுதிப் பாருங்கள். அந்த "ஏனென்றால்" வந்துவிட்டால் கைடு ரிப்போர்ட் என்று சொல்ல மாட்டார். ஆஸ்ட்ரமை ஓரிடத்தில் தொட்டுக்கொள்ளலாம். ஸ்காட்டை இப்போதைக்கு விடுங்கள், எல்லாரையும் கூப்பிட்டால் பந்தியில் இடம் இருக்காது.

ஒரே ஒரு சந்தேகம். சாக்கை அடைத்தவரிடம் போர் இருக்கிறதா, இல்லையா? உங்கள் குறிப்பில் எங்கேயுமே இல்லை. இருந்தால் நான் மேலே சொன்னது நிற்கும். இல்லையென்றால் ஸ்காட்டைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். எழுத உட்காரும் முன்னால் ஒரு நடை அந்த டீக்கடைக்குப் போய், அந்தப் பெரியவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பெயரை மட்டும் தீசிஸில் மாற்றிவிடுங்கள்.