சிறு படகுகள் முந்தும் கோணம்: கேள்வி பதில்

கேள்வி: எந்தக் கோணத்தில் நெருங்கினால் 'முந்துதல்' ஆகும்?

பதில்: 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 13ஆவது விதி இதைச் சொல்கிறது. முன்னால் செல்லும் படகின் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து (படகின் நீளத்துக்குச் செங்குத்தான கோடு) 22.5 பாகைக்கும் மேல் பின்தள்ளிய திசையிலிருந்து வருபவர் முந்துபவர். ஒதுங்கிச் செல்லும் பொறுப்பு முழுவதும் அவருடையது.

கேள்வி: பகலில் அதைக் கண்ணால் எப்படிக் கணிப்பது, ஐயா?

பதில்: அந்தக் கோணம் முன்படகிலிருந்து அளக்கப்படுவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் படகின் முகம் எத்திசையில் இருக்கிறது என்பது இதில் கணக்கே இல்லை. கைத் திசைகாட்டியால் அந்தப் படகு இருக்கும் திசையைப் பாருங்கள். அது செல்லும் திசையையும் மதிப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 67.5 பாகைக்குக் குறைவானால் நீங்கள் முந்துபவர். அது 090 பாகையில் போய்க்கொண்டிருக்க, உங்களுக்கு 130இல் தெரிந்தால் வேறுபாடு 40, ஆகவே முந்துதல். 170இல் தெரிந்தால் 80, ஆகவே குறுக்கிடுதல், அதாவது பக்கவாட்டிலிருந்து வந்து அதன் வழியைக் கடப்பது. ஆனால் அலையில் அலைக்கழியும் சிறு படகின் போக்கைத் தொலைவிலிருந்து மதிப்பிடுகையில் பத்துப் பாகை தவறுவது எளிது என்பதால், எல்லையை ஒட்டி வரும் விடையை நம்ப வேண்டாம்.

கேள்வி: எல்லையில் ஐயம் வந்தால்?

பதில்: முந்துபவராகவே கருதிக்கொள்ள வேண்டும் என்று அதே விதி கூறுகிறது. விசைப்படகுகளுக்கு இடையே இந்த ஐயம் உண்மையில் ஒரு பக்கத்தில்தான் சிக்கலாகும். மற்றப் படகின் இடப்பின்புறத்தில் நீங்கள் இருந்தால், முந்துதலானால் முந்துபவர் என்பதாலும், குறுக்கிடுதலானால் அது உங்கள் வலப்புறம் இருப்பதாலும், ஒதுங்க வேண்டியவர் நீங்களே. அதன் வலப்பின்புறத்தில் இருக்கும்போதோ, குறுக்கிடுதல் என்று கொண்டால் வழிவிடும் கடமை அவர்மேல் விழும். அதனால்தான் அங்கே தமக்குச் சாதகமாகக் கணிக்கும் ஆசை எழுகிறது. அவரும் உங்களை முந்துபவராக எண்ணிப் போக்கை மாற்றாமல் வந்தால், இருவரும் விலகமாட்டீர்கள்.

கேள்வி: முந்தத் தொடங்கிப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது குறுக்கிடுபவன் ஆகிவிடுவேனா?

பதில்: ஆகமாட்டீர்கள். பிறகு கோணம் எப்படி மாறினாலும், முழுமையாகக் கடந்து விலகும்வரை கடமை உங்களுடையதே.

கேள்வி: பாய்மரப் படகு விசைப்படகை முந்தினால்?

பதில்: பாய்மரப் படகுதான் ஒதுங்க வேண்டும்.

கேள்வி: இரவில் முன்படகின் வெள்ளைப் பின்விளக்கும் வலப்பக்கப் பச்சை விளக்கும் மாறிமாறித் தெரிகின்றன. எதை நம்புவது?

பதில்: பின்விளக்கின் வீச்சு 135 பாகை, பக்கவிளக்கு ஒவ்வொன்றுக்கும் 112.5. இவற்றின் ஒளி எல்லையில் சட்டென அறுபடுவதில்லை. ஐந்து பாகை வரை வெளியே கசிய விதியே இடம்தருகிறது, படகின் ஆட்டமும் அதோடு சேர்கிறது. நீங்கள் எல்லைக்கோட்டின்மேல் இருக்கிறீர்கள், ஆகவே முந்துபவராகவே நடந்துகொள்ளுங்கள். ஏழு மீட்டருக்குக் குறைந்து, ஏழு நாட் (மணிக்கு ஏழு கடல்மைல்) வேகத்துக்கு மேல் போக இயலாத விசைப்படகு, சுற்றிலும் தெரியும் ஒற்றை வெள்ளை விளக்கோடு மட்டும் வரலாம். அங்கே விளக்கை வைத்துக் கோணம் சொல்ல முடியாது. திசைகாட்டியில் அது தெரியும் திசை மாறாமல் நெருங்கிவந்தால் மோதும் அபாயம் உண்டென்று கொண்டு, முன்கூட்டியே தெளிவாக விலகுங்கள்.