ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள், படித்தவர்களுக்கோ வேலை இல்லை

ஐயா, வணக்கம்.

மென்பொருள் நிறுவனங்கள் ஆள் கிடைக்காமல் தவிப்பதாகச் சொல்லும்போது, கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகளின் சீனியர்கள் வேலையின்றி இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை; ஆனால் கொடுத்த கணக்கைத் தானே யோசித்து நிரலாக (கணினிக்கான கட்டளைகளாக) எழுதக்கூடியவர் யார் என்பதை மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நிறுவனத்தால் கண்டுகொள்ள முடிவதில்லை.

நேர்காணலில் அடிக்கடி வரும் ஒரு சிறு கேள்வியைப் பாருங்கள்: எண்களின் பட்டியல் ஒன்றில் இரண்டாவது பெரிய எண் எது? மனப்பாடம் செய்து வந்தவர், எண்களை ஏறுவரிசையில் அடுக்கிக் கடைசிக்கு முந்தையதை எடுத்துக் கொடுப்பார். 7, 9, 9 என்று கொடுத்தால் அந்த நிரல் 9 என்று சொல்லும். விடை 7 அல்லவா என்று கேட்டால் பலர் அங்கேயே திணறிவிடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டில் உள்ளதை அப்படியே எழுதி ஆய்வகத் தேர்வைக் கடப்பதும், இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவதும் நான்கு ஆண்டுகளில் விளைவிப்பது இதைத்தான்.

நிறுவனங்கள் மீதும் குறை உண்டு. பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் பணி செய்துதரும் பெரிய சேவை நிறுவனங்கள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் என்ற அளவிலேயே நிற்கிறது. அனுபவசாலிகள் விலகுவதாகச் சொன்ன பிறகும் 90 நாள் வேலை செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் காலம் வைத்திருப்பதால், ஓரிடத்தில் ஆஃபர் பெற்றவர் அந்த மூன்று மாதத்தில் அதையே காட்டி வேறிடத்தில் கூடுதல் சம்பளம் பேசிவிடுகிறார்; காத்திருந்த நிறுவனம் மறுபடியும் முதலிலிருந்து தேடுகிறது. புதியவர்களுக்குப் பயிற்சி தர மனமிருந்தால் இந்தத் தவிப்பு பெருமளவு குறையும் என்பதே என் கருத்து. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தன் சொந்தப் பள்ளியில் பயிற்றுவித்து வேலையில் அமர்த்தும் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் அதற்குச் சான்று.

தங்கள் மகளுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. ஜாவா அல்லது பைத்தான், ஏதேனும் ஒரு நிரல் மொழியை மட்டும் பிடித்துக்கொண்டு, தினமும் ஒரு சிறு கணக்கையாவது இணையத்தையோ ஏஐ கருவியையோ பார்க்காமல் எழுதிப் பழகட்டும். வீட்டு வரவுசெலவைக் கணக்கிடும் செயலி போன்ற எளிய ஒன்றைத் தானே உருவாக்கி நிரல்களைச் சேமித்துப் பிறருக்குக் காட்ட உதவும் கிட்ஹப் இணையதளத்தில் ஏற்றி, அதன் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்கும் அளவுக்குத் தேறட்டும். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனில் தன் கல்லூரிக்கு என்னென்ன பயிற்சிகள் உண்டு என்பதையும் அவர் விசாரிக்கட்டும். வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களுக்கும், சான்றிதழ் மட்டும் தரும் இன்டர்ன்ஷிப்புகளுக்கும் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.