ரெண்டே நாளில் ஹாங்காங்: கேள்வி பதில்

ஹாங்காங்குக்கு வந்து பதினாலு வருஷமாகிறது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், சிநேகிதர்களின் மச்சினர்கள் என்று எங்கள் வீட்டுத் தீப்பெட்டிக் கூடத்தில் படுத்து எழுந்து போனவர்களுக்குக் கணக்கே இல்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சனி, ஞாயிறு ரெண்டே நாள்தான் லீவு. என்ன பாக்கலாம்?" சரி, யாருக்கு என்ன சந்தேகமோ கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டேன்.

சென்னைத் தம்பி: அக்கா, இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்ல விசா வேணாமாமே? டிக்கெட்ட போட்டுட்டு கிளம்பிடலாமா?

விசா வேண்டாம் என்பது சரி. அப்படியே கிளம்பிவிடலாம் என்பது தப்பு. 2017 ஜனவரியிலிருந்து இந்தியர்கள் வருவதற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஹாங்காங் அரசின் குடிவரவுத் துறைத் தளத்தில் செய்யலாம், ஒரு பைசா செலவில்லை. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது இடைத்தரகர். பதிவு கிடைத்துவிட்டால் ஆறு மாதம் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். அந்தச் சீட்டைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனித் தலைவலி உண்டு. பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஒரு இடத்தில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். பதிவு மறுக்கப்பட்டால் முறைப்படி விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் முதலில் பதிவு, அப்புறம் டிக்கெட்.

மதுரைப் புதுமணத் தம்பதி: பீக், டிஸ்னிலேண்ட், பெரிய புத்தர், மோங் கோக் ஷாப்பிங், மக்காவ். இவ்வளவையும் ரெண்டு நாள்ல முடிச்சிடலாமா?

முடிக்கலாம், நீங்களும் முடிந்துபோவீர்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் ஐந்தரை, ஆறு மணி நேரம். இங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ராத்திரி விமானத்தில் சரியாகத் தூங்காமல் வந்து இறங்கும்போதே சனிக்கிழமையில் பாதி போயிருக்கும். டிஸ்னிலேண்டுக்கு ஒரு முழு நாள் வேண்டும். மக்காவுக்கு 2018இல் திறந்த கடல் பாலத்தில் பஸ் போகிறது, நாற்பது நிமிஷம்தான். ஆனால் அந்தப் பக்கம் ஒரு குடிவரவு வரிசை, இந்தப் பக்கம் ஒரு குடிவரவு வரிசை, திரும்பும்போது மறுபடி இரண்டு. கல்யாணமான புதிதில் வரிசையில் நிற்கவா வருகிறீர்கள்?

என் யோசனை: ரெண்டு நாளும் துறைமுகத்தை விட்டு நகராதீர்கள். சனிக்கிழமை மதியம் கவுலூன் பக்கம் சிம் ஷா சூயில் அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, கடற்கரை நடைபாதைக்கு வாருங்கள். அங்கே தனியாக நிற்கிற மணிக்கூண்டு 1915இல் கட்டியது. பழைய ரயில் நிலையத்தில் அந்த இடத்தில் மிச்சம் அது ஒன்றுதான். சீனாவுக்குப் போன ரயில்கள் இங்கிருந்துதான் புறப்பட்டன. பக்கத்திலேயே படகுத்துறை. பொழுது சாயும் நேரத்தில் அக்கரைக்கு, அதாவது ஹாங்காங் தீவுக்குப் போய், சென்ட்ரலில் டிராம் பிடித்து, எந்த நிறுத்தத்தில் மனசு சொல்கிறதோ அங்கே இறங்கிச் சாப்பிட்டுத் திரும்புங்கள். ஞாயிறு காலை சீக்கிரம் பீக் என்கிற மலையுச்சி, அல்லது ஒரு சின்னத் தீவு. ரெண்டில் ஒன்றுதான்.

தீவு என்றால் நான் லாமாவைச் சொல்வேன். சென்ட்ரல் 4ஆம் எண் படகுத்துறையில் ஏறி யுங் ஷுவே வானில் இறங்கி, மலையோரமாக நடந்து சோக் குவூ வானில் படகு பிடித்துத் திரும்பலாம். நடை ஒன்றரை மணி நேரம். கார் கிடையாது. வழியில் திரும்பிப் பார்த்தால் மின் நிலையத்தின் மூன்று பெரிய புகைபோக்கிகள் தெரியும். அழகில்லை என்பார்கள். எனக்குப் பிடிக்கும், ஊருக்கு விளக்கு எரிவது அதனால்தானே.

ஈப்போ டீச்சர்: எல்லாரும் ஸ்டார் ஃபெர்ரி, ஸ்டார் ஃபெர்ரின்னு சொல்றாங்க. பத்து நிமிஷப் படகு. பினாங்குல பாக்காததா?

டீச்சர், நீங்கள் பினாங்குப் படகு பார்த்தவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிம் ஷா சூய்க்கும் சென்ட்ரலுக்கும் நடுவே ஓடும் இந்தப் படகைத் தொடங்கியது ஒரு பார்சி, டோராப்ஜி நௌரோஜி. 1888இல் கவுலூன் ஃபெர்ரி கம்பெனி என்று ஆரம்பித்தார். பத்து வருஷம் கழித்துக் கை மாறி, பெயரும் ஸ்டார் ஃபெர்ரி ஆனது. வாங்கியவர் பால் சாட்டர், கல்கத்தாவில் பிறந்த ஆர்மேனியர். சென்ட்ரலில் சாட்டர் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. சிம் ஷா சூயில் மோடி ரோடு என்று பார்த்துவிட்டு நம் ஆட்கள் போட்டோ எடுப்பார்கள். அது பம்பாயிலிருந்து வந்த வேறொரு பார்சி வியாபாரி. ஹாங்காங் பல்கலைக்கழகம் எழும்பப் பணம் கொடுத்தவர்.

1966இல் இந்தப் படகின் முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து காசு ஏற்றப்போய் ஊரில் கலவரமே நடந்தது. இன்றைக்கும் வார இறுதியில் மேல்தளத்துக்கு ஏழு ஹாங்காங் டாலருக்குள்தான், நம் பணத்துக்கு எண்பது ரூபாய் இருக்கும்.

ஏறியதும் கவனியுங்கள்: படகுக்கு முன், பின் என்று கிடையாது. திரும்பாமலே இந்த முனையால் போய் அந்த முனையால் வரும். அதனால் மர இருக்கையின் முதுகுப் பலகையைத் தள்ளி, போகிற திசைக்கு நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். தெரியாத சுற்றுலாக்காரர்கள் அக்கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். கரை நெருங்கும்போது நீலச் சட்டை மாலுமி நீளக் கொம்பில் வடத்தைக் கொக்கி போட்டு இழுப்பதைப் பாருங்கள். எத்தனை இயந்திரம் வந்தும் அந்தக் கொம்பு மாறவில்லை.

வருஷா வருஷம் இந்தப் பயணம் சுருங்கியும் வந்தது. இரண்டு கரையிலும் கடலைத் தூர்த்துத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினார்கள். 1997இல் துறைமுகத்தைக் காக்கச் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்படியும் 2006இல் சென்ட்ரல் பக்கத்துப் பழைய படகுத்துறை போய்விட்டது. மக்கள் போராடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இப்போதைய துறை பழைய பாணியில் கட்டிய புதுக் கட்டடம். மெட்ரோவிலிருந்து பத்து நிமிஷம் நடக்க வேண்டும். அதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

கோவையிலிருந்து: நாங்க சுத்த சைவமுங்க. ரெண்டு நாளும் பழமும் பிரெட்டும்தானுங்களா?

இல்லைங்க, ஆனால் பொறிகள் உண்டு. நான் வந்த முதல் வருஷம் அம்மாவை ஒரு கடைக்குக் கூட்டிப்போய் "வெறும் கீரை" என்று சொல்லி வாங்கினேன். அம்மா ரசித்துச் சாப்பிட்ட பிறகுதான் மேலே ஊற்றியிருந்தது சிப்பிச் சாறு என்று தெரிந்தது. இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. முள்ளங்கிக் கேக் என்று வருவதில் காய்ந்த இறாலும் பன்றித் தொத்திறைச்சியும் கிடக்கும். நூடுல்ஸ் சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் எலும்புச் சாறு.

மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே சொல் "ஜாய்". "ங்கோ சிக் ஜாய்" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவன் என்று பொருள். வெறுமனே காய்கறி என்று சொன்னால் காயோடு கறியும் வரும். ஜாய் என்றால் பௌத்த விரதச் சாப்பாடு, அதில் வெங்காயம் பூண்டுகூடச் சேர மாட்டார்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அந்தக் கடைகளில் கூட்டம் அம்மும், நம் அமாவாசை பௌர்ணமி மாதிரியே.

இட்லி தோசை இல்லாமல் முடியாது என்றால் சிம் ஷா சூயில் தென்னிந்தியச் சைவக் கடைகள் இருக்கின்றன. ஒரு வேளைக்கு மட்டும் அங்கே போங்கள். ஆறு மணி நேரம் பறந்து வந்து மூன்று வேளையும் பொங்கல் சாப்பிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பால் டீயை விட்டுவிடாதீர்கள். நீளத் துணிப் பையில் வடித்து, கெட்டியான டின் பால் ஊற்றித் தருவார்கள். நம் டீ மாஸ்டர் பார்த்தால் தலையாட்டுவார்.

பெங்களூரு ஐ.டி. தம்பி: சுங்கிங் மேன்ஷன்ல ரூம் சீப்பா இருக்கே, தங்கலாமாக்கா?

சாப்பிடப் போ, தங்கப் போகாதே. நாதன் ரோட்டில் 1961இல் கட்டிய பதினேழு மாடி. கீழே ஆப்பிரிக்க வியாபாரி, பாகிஸ்தான் கபாப், பஞ்சாபி சமோசா, சிம் கார்டு, பணம் மாற்றும் கடை. உலகம் ஒரே சந்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆபத்தான இடம் என்ற பழைய பயம் இப்போது அவ்வளவு தேவையில்லை. ஆனால் அறையில் பெட்டியைத் திறந்தால் ஆள் வெளியே நிற்க வேண்டும், லிஃப்ட்டுக்கு ஒரு வரிசை. பணம் மாற்றுவதானால் வாசல் கடையைத் தாண்டி உள்ளே போ, விகிதம் மேல். நாதன் ரோட்டில் "சார், டெய்லர்? காப்பி வாட்ச்?" என்று பின்னாலேயே வருவார்கள். பதில் சொல்லாமல் நட.

ஹாங்காங்கில் நல்ல ஹோட்டலிலும் அறை சின்னதுதான். 2025 ஜனவரியிலிருந்து அறை வாடகைக்கு 3 சதவீத வரி வேறு. அக்டோபர் முதல் வாரம் சீனத் தேசிய விடுமுறை, அந்த வாரம் வேண்டவே வேண்டாம்.

சேலம்: அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு மூட்டு வலி. கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. பெரிய புத்தர் சிலைக்கு மட்டும் 268 படி, அதைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும். இல்லை, வேண்டாம், அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் டைமண்ட் ஹில் நிலையத்துக்குப் பக்கத்தில் சி லின் பிக்குணி மடமும் நான் லியான் தோட்டமும் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. மடத்து மண்டபங்கள் இரும்பு ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு கோத்துக் கட்டியவை. கோயில் தச்சுவேலை பார்த்த நம் ஊர்ப் பெரியவர்கள் அங்கே நகரவே மாட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே சைவ உணவகமும் உண்டு.

மெட்ரோவில் லிஃப்ட் உள்ள வாசலைப் பார்த்து வெளியே வாருங்கள். தப்பான வாசலில் ஏறினால் அரை மைல் நடை. டிராமில் பின்னால் ஏறி முன்னால் இறங்க வேண்டும், காசு இறங்கும்போதுதான். மாடிப்படி செங்குத்து, அம்மா கீழேயே உட்காரட்டும்.

திருச்சி: பீக் டிராமுக்கு வரிசை பயங்கரமாமே?

சனி, ஞாயிறு சாயங்காலம் பயங்கரம்தான். மலையேறும் அந்த வண்டியும் ஸ்டார் ஃபெர்ரி மாதிரி 1888இல் ஓடத் தொடங்கியதுதான், ஒரு தடவை ஏறலாம். காலை சீக்கிரம் போனால் நிம்மதி. இல்லையென்றால் சென்ட்ரலில் 15ஆம் எண் பஸ், மாடியில் முன் இருக்கை. வளைவுக்கு வளைவு துறைமுகம் தெரியும். மேலே போனதும் காசு கொடுத்து மொட்டை மாடி ஏற வேண்டாம். லுகார்ட் ரோடு என்று மலையைச் சுற்றி மேடில்லாத பாதை போகிறது. இருபது நிமிஷம் நடந்தால் மரங்கள் விலகி ஊர் முழுக்க விரியும்.

சிங்கப்பூர் அண்ணன்: எந்த மாசம் நல்லது? புயல்ல மாட்டிக்கிட்டா?

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை. மார்ச், ஏப்ரலில் மூடுபனி, பீக்கில் வெள்ளைத் துணிதான் தெரியும். மே முதல் நவம்பர் வரை புயல் வரலாம். எச்சரிக்கை எண்கள் 1, 3, 8, 9, 10. மூன்று வரை ஊர் அசைந்து கொடுக்காது. எட்டு ஏற்றினால் கடை மூடும், படகு நிற்கும், பஸ் நிற்கும். ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அறிவிப்பு வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுங்கள், அண்ணே. வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்குப் போகிற வேலை வேண்டாம்.

ஒருவர்: வேப் எடுத்துட்டு வரலாமா?

மின் சிகரெட்தானே? கூடாது. 2022 ஏப்ரல் முதல் கொண்டுவருவதே குற்றம்.

தஞ்சாவூர்: பணமா, கார்டா?

இறங்கியதும் ஆக்டோபஸ் அட்டை வாங்குங்கள். மெட்ரோ, பஸ், படகு, டிராம், டீக்கடை எல்லாம் அதுவே. டாக்ஸிக்கும் சந்தைக்கும் கொஞ்சம் ரொக்கம். ஊருக்குள் வர ஏ21 பஸ்ஸே நாதன் ரோட்டில் இறக்கிவிடும், சுமார் 35 டாலர். விமான நிலைய ரயில் 24 நிமிஷத்தில் சென்ட்ரல் வந்துவிடும், ஆனால் விலை மூன்று மடங்குக்கு மேல்.

சிங்கப்பூர், இன்னொருவர்: போன தடவை ஞாயித்துக்கிழமை சென்ட்ரல்ல நடைபாதை முழுக்கப் பெண்கள் அட்டை விரிச்சு உக்காந்திருந்தாங்க. ஏதாவது போராட்டமா?

போராட்டம் இல்லை, விடுமுறை. வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள். இந்தோனேசியப் பெண்கள் பெரும்பாலும் விக்டோரியா பார்க்கில் கூடுவார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த ஊரில் வேலை செய்கிறார்கள். முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பது சட்டம். வாரத்தில் கிடைக்கும் ஒரு நாளில் அந்த வீட்டில் இருந்தால் வேலை வந்துவிடும். வெளியே போனால் உட்கார இடத்துக்குக் காசு. அதனால் ஞாயிறன்று வண்டிப் போக்குவரத்து இல்லாத சாட்டர் ரோட்டில் கூடுவார்கள், எச்.எஸ்.பி.சி. வங்கிக் கட்டடத்தின் அடித்தளத் திறந்தவெளி நிரம்பிவிடும். சீட்டாட்டம், பாட்டு, நகப்பூச்சு, ஊருக்கு அனுப்பும் பெட்டி கட்டுதல் எல்லாம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வரவேற்பறை.

நெல்லை: ஞாயிறு ராத்திரிதான் ஃப்ளைட். மதியமே ரூமைக் காலி பண்ணணும். பெட்டிய என்ன செய்ய? எட்டு மணி லேசர் ஷோ பாக்கலாமா?

பெட்டியை ஹோட்டலிலேயே விடலாம், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். விமான நிலைய ரயிலில் போவதானால் சில விமானங்களுக்கு ஹாங்காங் நிலையத்திலேயே பெட்டியைப் போட்டு, போர்டிங் பாஸ் வாங்கிக் கைவீசி நடக்கலாம். உங்கள் விமானத்துக்கு உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

லேசர் ஷோ பத்து நிமிஷம் சொச்சம். கரையில் ஒரு மணி நேரம் இடம் பிடித்து நின்றவர்கள் "இவ்வளவுதானா" என்றுதான் கேட்பார்கள். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிம் ஷா சூயில் படகு ஏறிவிடுங்கள். விமானம் பதினொன்றுக்கு முன்னால் என்றால் அதுவும் வேண்டாம், ஆறு மணிப் படகில் ஏறுங்கள். ஜன்னலோரம், போகிற திசைக்குப் பலகையைத் தள்ளிவிட்டு.